எண்ணெய் வரும் வழி

கெடா ஆறு அலோர் ஸ்டார் நகரைக் கடந்து, நெல்வயல்களுக்கிடையே வளைந்து சென்று, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அந்த முகத்துவாரமே கோலக் கெடா. அங்கே பழைய கோட்டை ஒன்று உண்டு. லங்காவித் தீவுக்குச் செல்லும் பயணிகள் படகுகளும் இங்கிருந்து புறப்படுகின்றன. அவை எழுப்பும் அலையில் ஆடிக்கொண்டு, ஆற்றோரத்தில் மீனவர்களின் சிறு படகுகள் கட்டிக் கிடக்கும். அப்படகுகள் பலவற்றின் பின்பலகையில் ஓர் இயந்திரம் தொங்கும். மலாய்க்கார மீனவர்கள் அதனை ‘எஞ்சின் சங்குட்’ என்பர். மாட்டித் தொங்கவிட்ட எஞ்சின் என்பது பொருள். ‘அவுட்போர்ட் மோட்டார்’ என்னும் பெயரைவிட இப்பெயரே பொருளை நன்றாக விளக்குகிறது.

சோழர் காலத்தில் ‘கடாரம்’ எனப் பெயர் பெற்ற கரை இது. அந்நாளில் பாய்மரக் கப்பல்களில் வந்தவர்கள் காற்று நின்றுவிட்டால் மீண்டும் வீசும்வரை காத்திருந்தார்கள். இன்றைய மீனவர் காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால், இயந்திரம் நின்றுவிட்டால் அவரிடம் பாயும் இல்லை. பல வேளைகளில் துடுப்பும் இல்லை.

சாலையில் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆற்று முகத்துவாரத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாது. நீர் வற்றும் நேரமாக இருந்தால் படகு கடலை நோக்கி இழுக்கப்படும். நீர் ஏறும் நேரமாக இருந்தால் சேற்றுத் திட்டில் போய்ச் செருகிக்கொள்ளும். பெரிய படகுகள் விரைந்து வரும் தடத்தில் குறுக்காக மிதப்பதோ இன்னும் ஆபத்தானது. அதனால், இயந்திரம் நின்றவுடன் செய்யவேண்டிய முதல் வேலை இயந்திரத்தைத் தொடுவதன்று. நங்கூரத்தை இறக்க வேண்டும். உயிர்காப்பு அங்கியை அணிந்துகொள்ள வேண்டும். அதன்பிறகு ஆராயலாம்.

இயந்திரம் நிற்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் அடிக்கடி தலைகாட்டுவது எரிபொருள் உரிய இடத்துக்கு வந்து சேராமை. தொட்டியில் பெட்ரோல் நிறைய இருக்கும்; இயந்திரத்திலும் பெரிய கோளாறு இருக்காது; ஆனால், அங்கிருப்பது இங்கே வராது. இந்தத் தொல்லை எப்படி உண்டாயிற்று என்பதற்கு ஒரு சிறிய வரலாறு உண்டு.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் படகின் பின்பக்கம் மாட்டும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதன் ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன் மட்டுமே. கோடைக்காலத்தில் ஏரியின் மறுகரையிலிருந்து பனிக்கூழ் வாங்கிக்கொண்டு துடுப்பு வலித்து வருவதற்குள் அது உருகிவிட்டதாகவும், அதுவே இக்கண்டுபிடிப்புக்குத் தூண்டுகோல் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், அக்கால இயந்திரங்களின் அமைப்பு கவனிக்கத்தக்கது. எரிபொருள் தொட்டி இயந்திரத்தோடு சேர்ந்து மேலேயே இருந்தது. பெட்ரோல் தன் எடையாலேயே கீழே இறங்கியது. அதனை இழுக்கப் பம்பு தேவைப்படவில்லை. இன்றும் இரண்டு, மூன்று குதிரைத்திறன் கொண்ட சிறிய இயந்திரங்கள் பல இவ்வாறே உள்ளன.

ஆற்றல் கூடக்கூட எரிபொருளும் கூடுதலாகத் தேவைப்பட்டது. 15 குதிரைத்திறன் கொண்ட டூ ஸ்ட்ரோக் இயந்திரம் முழு வேகத்தில் மணிக்கு ஐந்தாறு லிட்டரைக் குடித்துவிடும். அத்தனை பெட்ரோலையும் இயந்திரத்தின் தலையில் சுமத்த முடியாது. எனவே, தொட்டி படகின் தரைக்கு இறங்கி வந்தது. அன்றுமுதல் பெட்ரோல் தானாக இறங்குவது நின்று, மேலே ஏற வேண்டியதாயிற்று. ஏற்றுவதற்குக் குழாய், ரப்பர் குமிழ், இணைப்பு முனை, வடிகட்டி, பம்பு ஆகிய யாவும் தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் பயன்தரும் பொருளே. ஆனால், ஒவ்வொன்றும் பழுதுபடக்கூடிய இடமும்கூட.

இந்த வழியை மனத்தில் வரைந்துகொள்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. தொட்டியிலிருந்து உறிஞ்சு குழல்; அங்கிருந்து ரப்பர் குழாய்; குழாயின் நடுவே கையால் அழுத்தும் குமிழ்; பிறகு இயந்திரத்தோடு பொருத்தும் முனை, வடிகட்டி, பம்பு; கடைசியாகக் கார்புரேட்டர். கெடா மக்களுக்கு இது புதிய கணக்கன்று. மூடா பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள் ஓடும் மாநிலம் இது. 1885ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கிய வான் மாட் சமான் கால்வாய் அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரம் நோக்கி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீள்கிறது. கடைசி வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் விவசாயி அந்த வயலைத் தோண்டிக்கொண்டிருப்பதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்காலோரம் நடக்கிறார். எதுவரை தண்ணீர் வந்திருக்கிறது, எங்கிருந்து வரவில்லை என்று பார்க்கிறார். அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில்தான் அடைப்பு இருக்கும்.

படகு இயந்திரத்திலோ பலரும் கடைசி வயலில்தான் தோண்டத் தொடங்குகிறார்கள். இயந்திரம் நின்றதும் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். நுண்ணிய திருகுகளும் மிதவையும் ஊசியும் கொண்ட அதனை ஆடும் படகில் வைத்துப் பிரித்தால், ஒரு திருகு கடலில் விழுந்தாலே போதும். அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது.

நடப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: குற்றம் எரிபொருளில்தானா? இயந்திரம் ஓடுவதற்குக் காற்று, எரிபொருள், தீப்பொறி மூன்றும் வேண்டும். எது குறைந்தது என்பதை இயந்திரம் நின்ற விதமே ஓரளவு காட்டிக்கொடுக்கும். விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால், பெரும்பாலும் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். அவசரத்தில் அறுந்துபோன பாதுகாப்புக் கயிறும் இப்படித்தான் நிறுத்தும். இருமிக்கொண்டே வேகம் குறைந்து, சற்று எழும்பி, மீண்டும் தளர்ந்து நின்றால் எரிபொருள் பற்றவில்லை என்று கொள்ளலாம். உறுதிசெய்ய இன்னொரு வழியும் உண்டு. பலமுறை கயிற்றை இழுத்தபிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். அதன் நுனி காய்ந்து கிடந்தால் பெட்ரோல் உள்ளே வரவே இல்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது. குறை வேறிடத்தில் உள்ளது.

பிளக் காய்ந்திருந்தது என்று வைத்துக்கொண்டால், நடை தொட்டியிலிருந்து தொடங்குகிறது. பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், பார்க்காமல் ஒரு மணி நேரம் போராடியவர்கள் உண்டு. அடுத்தது தொட்டி மூடியில் உள்ள காற்றுத் திருகு. கைத்தொட்டியைக் காரில் ஏற்றி வரும்போது ஆவி வெளியேறாமலிருக்க இதனை இறுக்கி மூடுவார்கள். படகில் வைத்தபின் திறந்துவிட மறந்துபோவார்கள். அப்படியிருந்தும் இயந்திரம் உடனே ஓடும். இதுதான் அதிலுள்ள சூழ்ச்சி. தொட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்று சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பப் புதுக்காற்று வராததால் உள்ளழுத்தம் குறையும். வெளியே வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமாக அழுத்திக்கொண்டிருக்கிறது. இயந்திரத்தின் சிறிய பம்பு இந்த வேறுபாட்டை வென்று இழுக்கக்கூடிய அளவுக்கு வலிமையானதன்று. தொட்டியின் பக்கங்கள் உள்வாங்கும். பிறகு இயந்திரம் நிற்கும். அதற்குள் படகு கரையைவிட்டு வெகுதூரம் வந்திருக்கும்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்யலாம். சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் படகோட்டத் தெரிந்த மூத்த நண்பரோடு தூண்டில் போட வருகிறார். முகத்துவாரத்தைத் தாண்டியதும் இயந்திரம் தளர்ந்து நின்றுவிடுகிறது.

“அண்ணே, கார்புரேட்டர் அடைச்சிருக்கும். கழற்றிடட்டுமா?”

“முதல்ல நங்கூரத்தைப் போடு, தம்பி. அதைக் கடைசியில பார்க்கலாம். டேங்க் மூடியைக் கொஞ்சம் திருப்பு.”

திருகைத் திருப்பியதும் ‘உஸ்’ என்ற ஓசையோடு காற்று உள்ளே பாய்கிறது. ஒடுங்கிக் கிடந்த தொட்டி ‘டப்’பென்று நிமிர்கிறது. குமிழை நாலைந்து முறை அழுத்திக் கயிற்றை இழுத்தால் இயந்திரம் உயிர்பெறுகிறது.

“சரியாயிடுச்சு, அண்ணே! வெளியே போகலாம்.”

“பொறு. ஆத்துக்குள்ளேயே பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்போம். காரணம் அதுதானான்னு அப்பத்தான் தெரியும்.”

அந்தப் பத்து நிமிடப் பொறுமை பலருக்கு வருவதில்லை. திருகைத் திறந்தபோது இயந்திரம் ஓடியது என்பதாலேயே திருகுதான் குற்றவாளி என்று ஆகிவிடாது. குமிழை அழுத்தியதால் கார்புரேட்டரில் நிறைந்த பெட்ரோலும் சிறிது நேரம் இயந்திரத்தை ஓட வைக்கும். உண்மையான அடைப்பு வேறிடத்தில் இருந்தால் அது மறுபடியும் நிற்கும். இம்முறை இன்னும் தொலைவில் நிற்கும்.

தொட்டியைக் கடந்தால் ரப்பர் குமிழ். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல், படகு இயந்திரத்தில் கைவைத்துப் பார்க்கவேண்டிய இடம் இது. குமிழின் இரு முனைகளிலும் பெட்ரோலை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு அடைப்பிதழ்கள் உள்ளன. அதன்மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு இயந்திரத்தைப் பார்த்திருக்க வேண்டும். புதுக் குழாய் மாட்டும்போது திருப்பி மாட்டிவிட்டால், எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு சொட்டும் ஏறாது. அழுத்தும்போது அம்பு வானத்தைப் பார்க்கும்படி குமிழைச் செங்குத்தாகப் பிடித்தால் அடைப்பிதழ்கள் நன்றாக வேலை செய்யும்.

நல்ல நிலையில் உள்ள குமிழ் சில அழுத்தல்களில் கெட்டியாகிவிடும். கார்புரேட்டர் நிறைந்து, மிதவை உயர்ந்து, ஊசி வழியை அடைத்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அழுத்திக்கொண்டே இருந்தும் கெட்டியாகவில்லை என்றால் தொட்டியிலிருந்து பெட்ரோல் வரவில்லை, அல்லது எங்கோ காற்று நுழைகிறது, அல்லது குமிழின் அடைப்பிதழே பழுது. கார்புரேட்டர் நிரம்பி வழிந்தாலும் இப்படியாகும். அப்போது நீர்மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் காணலாம். குமிழ் உடனே கல்போல் கெட்டியாகியும் இயந்திரம் பட்டினி கிடந்தால், அடைப்பு குமிழுக்கு அப்பால் உள்ளது. இயந்திரம் ஓடும்போதே குமிழ் சப்பையாக ஒடுங்கினால் அடைப்பு குமிழுக்கு முன்னால், தொட்டிப் பக்கம் உள்ளது. ஒரு கருவியும் இல்லாமல், உள்ளங்கை ஒன்றைக் கொண்டே வழியை இரண்டாகப் பிரித்துவிடலாம். விலையுயர்ந்த சோதனைக் கருவிகள் சிலவற்றால்கூட இவ்வளவு விரைவில் இதைச் சொல்ல முடிவதில்லை.

ரப்பரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கெடாத் தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த குடும்பங்களுக்கு ரப்பர் அந்நியப் பொருளன்று. ஆனால், அந்த மரம் தந்த இயற்கை ரப்பர் பெட்ரோலில் நனைந்தால் உப்பி, நெகிழ்ந்து, வலுவிழந்துவிடும். அதனால், எரிபொருள் குழாய்களுக்கு நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். தோட்டத்தில் எதையும் கட்டிவைக்கச் சைக்கிள் டியூப் போதும் என்பது பழக்கம். வேலியையும் வாளியையும் கட்ட அது உதவும். பெட்ரோல் குழாயில் அதனைச் சுற்றினால் சில நாள்களில் கூழாகிவிடும். செயற்கை ரப்பருக்கும் ஆயுள் உண்டு. வெயிலும் உப்புக்காற்றும் பட்டு அது வெடிக்கும். சில குழாய்களில் வெளிப்புறம் புதிதுபோல் இருக்க, உள்படலம் மட்டும் உரிந்து தொங்கும். இயந்திரம் இழுக்கும்போது அந்தப் படலம் கதவைப்போல் வழியை மூடும். கையால் அழுத்தும்போது திறந்துகொள்ளும். எவ்வளவு பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத குற்றம் இது. குழாயை மாற்றிப் பார்த்தால் மட்டுமே அகப்படும்.

இன்னொரு மாயக் குற்றம் காற்று நுழைவது. கசிவு என்றால் வெளியே சொட்ட வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், தொட்டிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் பெட்ரோல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓர் ஊசித்துளை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது. காற்றுத்தான் உள்ளே போகும். குழாயின் வெளிப்பக்கம் காய்ந்தே இருக்கும். இணைப்பு முனையில் உள்ள சிறிய ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குமிழை இறுக அழுத்தினால் குழாய்க்குள் அழுத்தம் கூடும். அப்போது அந்த இடம் நனையும், குற்றம் பிடிபடும். சில சென் மதிப்புள்ள வளையம் ஆயிரக்கணக்கான ரிங்கிட் மதிப்புள்ள இயந்திரத்தை நிறுத்தி வைப்பது இப்படித்தான்.

பம்பைச் சோதிக்க இருவர் வேண்டும். இயந்திரம் தளரத் தொடங்கும்போது ஒருவர் குமிழை விடாமல் அழுத்திக்கொடுக்க வேண்டும். இயந்திரம் மீண்டும் எழுந்தால், பம்பு செய்யவேண்டிய வேலையைக் கை செய்கிறது என்று பொருள். பம்பு சோர்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் அதற்கு முந்திய வழியில் குறை உள்ளது. டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தின் பம்பில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. இயந்திரத்தின் அடிப்பெட்டியில் ஏறி இறங்கும் அழுத்தமே ஒரு மெல்லிய சவ்வை முன்னும் பின்னும் அசைக்கிறது. அந்தச் சவ்வு விறைத்தாலோ கிழிந்தாலோ பம்பு படுத்துவிடும். கெட்டிக்காரத்தனமான எளிய அமைப்பு. குமிழை அழுத்திக்கொண்டே கரை வந்து சேர முடிவதும் இந்த எளிமையால்தான்.

தண்ணீர் கலந்த பெட்ரோல் வேறு வகைத் தொல்லை. மலேசியாவின் ஈரக்காற்றில் பாதி காலியான தொட்டிக்குள் நீராவி குளிர்ந்து துளியாகும். மழை மூடி வழியாகவும் இறங்கும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோகிராம். தண்ணீர் ஒரு கிலோகிராம். எனவே, தண்ணீர் அடியில் தங்கும். உறிஞ்சு குழலின் வாயும் அடியில்தான் இருக்கிறது. படகு ஆடாதவரை பிழைக்கலாம். அலையில் குலுங்கும்போது தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தால் இரண்டுக்கும் நடுவே கோடு தெரியும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் அடர்த்தி பற்றிச் செய்யும் சோதனைக்கும் இதற்கும் வேறுபாடில்லை. இங்கே உயிரும் சேர்ந்திருக்கிறது என்பதைத் தவிர.

இவ்வளவும் கடந்தபிறகே கார்புரேட்டரின் முறை வரவேண்டும். குறுகலான இடத்தில் காற்று விரைந்து செல்லும்போது அதன் அழுத்தம் குறையும் என்னும் பெர்னோலி கோட்பாட்டின்படி அது இயங்குகிறது. குறைந்த அழுத்தம் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை ‘ஜெட்’ என்னும் நுண்துளை வழியே உறிஞ்சிக் காற்றோடு கலக்கிறது. தூசு ஒன்றும் அத்துளையை அடைக்கப் போதும். பல மாதங்கள் ஓடாமல் கிடந்த இயந்திரத்தில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவை விட்டுச்செல்லும். மெதுவாக ஓடும்போது நின்றுவிட்டு, வேகத்தில் நன்றாக ஓடினால் குறைவேகத் துளை அடைபட்டிருக்கலாம். மெதுவாக நன்றாக ஓடி, முறுக்கும்போது துவண்டால் பெரிய துளை அடைபட்டிருக்கலாம். அல்லது வழியில் எங்கோ பாதி அடைப்பு இருக்கலாம். பாதி அடைப்பு மெதுவான ஓட்டத்துக்குப் போதிய பெட்ரோலை விட்டுவிடும். முழு வேகத்துக்கு விடாது.

துளையை ஊதிச் சுத்தம் செய்து மாட்டியதும் இயந்திரம் சீறிக்கொண்டு ஓடும். அந்த மகிழ்ச்சியில் ஒரு கேள்வி மறந்துபோகும்: அந்தத் தூசு எங்கிருந்து வந்தது? துருப்பிடித்த தொட்டியோ உதிரும் குழாயோ அப்படியே இருந்தால் அடுத்த வாரமும் அதே துளை அடைபடும். மீனவர் மறுபடியும் பணம் கொடுப்பார். மறுபடியும் ஒருநாள் வேலை கெடும். எந்த நகரத்துப் பட்டறையிலும் நல்ல போமேனுக்கும் அவசரக்காரப் போமேனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. ஒருவர் இயந்திரத்தை ஓட வைக்கிறார். மற்றவர் அது ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கிறார்.

கரைக்கு வந்தவருக்கு இன்னும் எளிய உத்தி ஒன்று உண்டு. நன்றாக ஓடும் பக்கத்துப் படகின் தொட்டியையும் குழாயையும், முனை பொருந்துமானால், இரவல் வாங்கி மாட்டிப் பார்க்கலாம். இயந்திரம் சரியாக ஓடினால் குற்றம் தன் தொட்டியிலோ குழாயிலோ உள்ளது. ஓடாவிட்டால் இயந்திரத்துக்குள் உள்ளது. ஐந்து நிமிடத்தில் பாதி வழி விசாரணையிலிருந்து விலகிவிடும். பல பாகங்களை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் இந்த நன்மை போய்விடும். இயந்திரம் ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது.

எரிபொருள் குறையை அலட்சியம் செய்து ஓட்டுவதும் ஆபத்தே. டூ ஸ்ட்ரோக் இயந்திரங்கள் பலவற்றில் உயவு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே செல்கிறது. 50 பங்குக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் 24 லிட்டர் தொட்டிக்கு 480 மில்லிலிட்டர் ஊற்ற வேண்டும். பெட்ரோல் குறைவாகச் சென்றால் உயவும் குறைவாகவே செல்லும், வெப்பமோ கூடும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டால், ஒரு வளையத்தால் முடிந்திருக்கவேண்டிய செலவு புது இயந்திரம்வரை போய்விடும். பெட்ரோல் ஆவியையும் மறக்கக்கூடாது. அது காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். அதனால்தான் கைத்தொட்டியைப் படகிலிருந்து இறக்கி, மேடையில் வைத்து நிரப்பச் சொல்கிறார்கள். குழாயைக் கழற்றிய இடத்தில் யாரும் சிகரெட்டைப் பற்ற வைக்கக்கூடாது. தீப்பொறியை ஆடும் படகில் சோதிப்பதும் கூடாது. நங்கூரம் பிடிக்காமல் படகு இழுபட்டுக்கொண்டே போனால், பழுது பார்ப்பதை விட்டுவிட்டு 999 என்னும் அவசர எண்ணை அழைத்து உதவி கேட்க வேண்டும். தொலைபேசியில் அலைவரிசை இருக்கும்போதே அழைப்பது நல்லது.

கடலைப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு கைகொடுக்கும். முதுகில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் இயந்திரத்திலும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினே உள்ளது. தொட்டி, வடிகட்டி, மெல்லிய குழாய், கார்புரேட்டர் என எல்லாம் உள்ளங்கை அளவில் இருக்கும். பல இயந்திரங்களில் விரலால் அழுத்தும் ஒளி ஊடுருவும் சிறு குமிழும் உண்டு. அதற்குள் காற்றுக் குமிழிகள் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்போது வரும் பெரிய அவுட்போர்ட் மோட்டார்களில் கார்புரேட்டர் இல்லை. மின்பம்பு உயர் அழுத்தத்தில் பெட்ரோலைத் தெளிக்கிறது. கணினி அளவைத் தீர்மானிக்கிறது. கோளாறு ஏற்பட்டால் எச்சரிக்கை ஒலியும் குறியீட்டு எண்ணும் வரும். ஆனால், அந்தக் கணினிக்குப் பெட்ரோலை அனுப்புவது பெரும்பாலும் அதே ரப்பர் குழாயும் அதே குமிழும் அதே வடிகட்டியும்தான். கைத்தொட்டியில் காற்றுத் திருகு இருந்தால், புறப்படுவதற்கு முன் அதனை ஒருவர் கையால்தான் திறந்துவிட வேண்டியிருக்கிறது.